எடை குறைந்த ஃப்ளைவீலோடு மூன்று ஆண்டுகள்

எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீலை மாற்றிய மறுநாள் காலையில், அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் ஏற்றத்தில் என் கார் மூன்று முறை நின்றுபோனது. பின்னால் வரிசையாகக் கார்கள். பதினெட்டு வயதிலிருந்து கிளட்ச் மிதித்து ஓட்டுகிறவன் நான். ஏற்றத்தில் வண்டியை எடுப்பது யோசித்துச் செய்கிற காரியமாக இருந்ததே இல்லை. அன்றைக்கு இடது கால் பழைய கணக்கிலேயே மேலே வந்தது, எஞ்சின் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. நான்காவது முறை பதற்றத்தில் 3,000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை ஏற்றி, கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கியபோது கருகல் வாசனை.

கார், 1990களின் நடுவில் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. அதனுடன் வந்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் ஏறத்தாழ 8 கிலோ. நான் வாங்கிப் போட்டது 4 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அலுமினிய ஃப்ளைவீல். அதன் பிறகு ஒரு முறை, ஃப்ளைவீலோடு உராய்ந்து எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் கிளட்ச் பிளேட்டை மாற்றினேன், இன்னொரு முறை ஃப்ளைவீலையே மாற்றினேன். இப்போது காரில் இருப்பது மூன்றாவது அமைப்பு, அதில் நிறைவாக இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது முழுநாள் வேலை. முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த வேலையை ஒரே தடவையில் முடித்திருக்கலாம் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மாதம் ஒரு நாள் பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். 6,500 ஆர்பிஎம்மில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போனால், இந்த காரின் கியர் விகிதப்படி எஞ்சின் சுமார் 4,600-க்கு இறங்க வேண்டும். கை கியரைப் போட்டுவிடும், எஞ்சின் இறங்கி வரத் தாமதிக்கும். அவசரப்பட்டுக் கிளட்சை விட்டால் வண்டி முன்னுக்குத் தள்ளி ஆடும். காத்திருந்தால் நேரம் போகும். கியர் இறக்கும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும். பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி ஆர்பிஎம்மை ஏற்றும் ஹீல்-டோ பழகிக்கொண்டிருந்தேன். நான் தட்டுகிற தட்டுக்கு எஞ்சின் சோம்பலாகத்தான் ஏறியது. எடை குறைந்த ஃப்ளைவீல் இந்த இரண்டையும் சரிசெய்யும் என்று கேள்விப்பட்டேன். உண்மைதான், செய்தது. அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு முழுச் சுற்று வருவதற்குள் இரண்டே இரண்டு வெடிப்புகள்தான் நடக்கும். வெடிக்கும் கணத்தில் கிராங்க் உந்தப்படும். அடுத்த வெடிப்பு வரும் வரை காற்றை அழுத்தும் வேலையில் வேகம் குறையும். 850 ஆர்பிஎம்மில் வண்டி சும்மா நிற்கும்போது நொடிக்கு 28 முறை இந்த உந்தலும் தளர்வும் மாறி மாறி வருகின்றன. அந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்வதுதான் கிராங்கின் பின்முனையில் சுழலும் கனமான வட்டின் முதல் வேலை. குயவர் தன் திகிரியைக் கனமாக வைத்திருப்பதும் இதற்காகவே. ஒரு முறை சுழற்றிவிட்டால் கை மண்ணில் இருக்கும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது வேலை, சுழற்சியாகச் சேமித்து வைத்த ஆற்றலை வண்டியைக் கிளப்பும்போது கொடுப்பது. என்னை ஏற்றத்தில் நிறுத்தியது இந்த இரண்டாவது வேலையின் குறைவு.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுழலும் பொருளின் ஆற்றல், அதன் நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்சி வேகம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு) பாதியைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பழைய ஃப்ளைவீலின் எடை சராசரியாக 10 செ.மீ. ஆரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் நிலைமத் திருப்புத்திறன் 0.08 கிலோகிராம் சதுர மீட்டர். 1,500 ஆர்பிஎம்மில் அதற்குள் இருப்பது ஏறக்குறைய 1,000 ஜூல். 1,050 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 5 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதே 1,000 ஜூல். அதாவது, இத்தனை ஆண்டுகளாக வண்டியின் முதல் உருளலை ஃப்ளைவீல் தன் சேமிப்பிலிருந்தே கொடுத்து வந்திருக்கிறது. என் காலின் திறமை என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பங்கு அந்த இரும்பினுடையது.

எடை பாதியானால் சேமிப்பும் பாதி. அதே 1,000 ஜூல் வேண்டுமென்றால் 1,500-க்குப் பதில் சுமார் 2,100 ஆர்பிஎம் வேண்டும். கிராங்க், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஆகியவற்றின் சுழற்சியையும் சேர்த்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையும். ஆனாலும் என் காலுக்குத் தேவைப்பட்ட எண் அதுதான். 3,000 வரை ஏற்றிக் கிளட்சைக் கருக்க வேண்டியதில்லை; 1,200-லேயே விட்டு நிறுத்தவும் வேண்டியதில்லை. 2,000-ஐ ஒட்டிப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடத்தில் ஒரு கணம் கூடுதலாகக் காலை நிறுத்தி, கடிக்கத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு கூட்டினால் போதும். அந்த ‘கூட்டுவது’ மிக முக்கியம். கனமான ஃப்ளைவீல் இருந்தபோது ஆக்சிலரேட்டரை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கிளட்சை மட்டும் விடுவேன். இப்போது இரண்டு கால்களும் ஒன்றாக நகர வேண்டும். இது பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. காலியான சமதளத்தில் ஒரு மணி நேரம், கிளம்பி நின்று, கிளம்பி நின்று பழகியது பெரிதும் உதவியது. நடுவில் கிளட்ச் ஆறவும் இடைவெளி விட்டேன்.

அடுத்து, இந்த மாற்றத்தின் பலன் எங்கே கிடைக்கும் என்ற கணக்கு. ‘ஃப்ளைவீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் இத்தனை கிலோ குறைத்ததற்குச் சமம்’ என்று ஒரே எண்ணைச் சொல்வார்கள். அப்படி ஒரே எண் கிடையாது. கியருக்குக் கியர் மாறும். குறைந்த நிலைமத் திருப்புத்திறனை, மொத்த கியர் விகிதத்தின் (அந்தக் கியரின் விகிதம் × கடைசி விகிதம்) வர்க்கத்தால் பெருக்கி, டயரின் ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். என் காரில் முதல் கியர் 3.136, கடைசி விகிதம் 4.1, டயரின் ஆரம் சுமார் 28.5 செ.மீ. நிலைமத் திருப்புத்திறன் 0.04 குறைந்தால், முதல் கியரில் 80 கிலோ இறக்கிவைத்த மாதிரி. இரண்டாவதில் 30 கிலோ. மூன்றாவதில் 15. நான்காவதில் 8. ஐந்தாவதில் வெறும் 5 அல்லது 6 கிலோ.

இந்த வரிசையை ஒரு முறை உற்றுப் பார்த்தால் போதும், விளம்பரங்கள் தேவையில்லை. தடத்தில் நான் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கியர்களில். அங்கே கிடைக்கும் வேகம், ஒரு பையைக் காரிலிருந்து இறக்கி வைத்ததற்குச் சமம். என் சுற்று நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம், ஒரே நாளில் என் இரண்டு சுற்றுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஃப்ளைவீல் ஒரு குதிரைத்திறனைக்கூட உண்டாக்குவதில்லை. எஞ்சின் தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளச் செலவிடுவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஒரே சீரான வேகத்தில் போகும்போது எஞ்சின் முடுக்கப்படவே இல்லை, ஆகவே அங்கே லாபமும் இல்லை. வேகத்துக்காக இதைப் போட நினைப்பவர், அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக் பேடுக்கும் கொடுப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எதற்கு? கியர் மாற்றும் அந்த அரை நொடிக்காக. இதை எண்ணில் சொல்வது கடினம், ஆனால் என் முழு மகிழ்ச்சியும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம்மில் வளைவை நெருங்குகிறேன். இரண்டாவதுக்கு இறங்க எஞ்சின் 5,700-ஐ ஒட்டி ஏற வேண்டும். முன்பு ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்துக் காத்திருப்பேன், அந்த நேரத்தில் பிரேக்கில் இருக்கும் முன்பாதத்தின் அழுத்தம் மாறிவிடும். இப்போது குதிகாலின் ஓரத்தால் தொட்டாலே ஊசி எழுந்து நிற்கிறது. பிரேக் அழுத்தம் குலைவதில்லை. லெக்சஸ் எல்எஃப்ஏ காரின் வி10 எஞ்சின், ஐடிலிலிருந்து (சும்மா நிற்கும்போதுள்ள வேகம்) 9,000 ஆர்பிஎம்முக்கு 0.6 நொடியில் ஏறும். முள் வைத்த மீட்டரால் அதைத் தொடர முடியாது என்பதால் திரையில் முள்ளை வரைந்தார்கள். என் பழைய 1.8 லிட்டர் எஞ்சின் அந்த வகையறா இல்லை. ஆனாலும் கால் நினைத்ததும் எஞ்சின் செய்வது என்றால் என்ன என்பதை எனக்கும் கொஞ்சம் காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் ஏறுவது சீக்கிரம் இறங்கவும் செய்யும். முதல் சில வாரங்களில் நான் தட்டிய ஆர்பிஎம் கிளட்சை விடுவதற்குள் கீழே விழுந்துவிட்டது. தட்டலின் அளவைக் கூட்டிப் பார்த்தேன், அது தவறு. தட்டுவதற்கும் கிளட்சை விடுவதற்கும் இடையிலான நேரத்தைக் குறைப்பதுதான் சரி. கியர் ஏற்றும்போதும் இதேதான்: நிதானமாக ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி மாற்றினால், இரண்டு என்னும்போது எஞ்சின் தேவைக்குக் கீழே போயிருக்கும், கிளட்ச் சேர்ந்ததும் வண்டி மூக்கைக் குத்தும். நகருக்குள் மெதுவாக மாற்ற விரும்பினால், கிளட்ச் விடும்போது ஆக்சிலரேட்டரில் இறகளவு பாதம் வைத்திருக்கப் பழக வேண்டும்.

பின்சக்கர இழுவைக் காரில் ஒரு நன்மையும் உண்டு. ஆர்பிஎம் பொருந்தாமல் கியர் இறக்கிவிட்டால், எஞ்சினைச் சுழற்றி மேலே கொண்டுவரும் சுமை பின்டயர்கள் மீது விழும். ஈரத் தடத்தில் அந்தச் சுமையே டயரைப் பூட்டி வாலைச் சுழற்றிவிடும். சுழற்ற வேண்டிய நிறை குறைவாக இருந்தால் அந்த இழுப்பும் குறைவு. என் கால் தவறிய இரண்டு மழை நாட்களில் பின்பக்கம் லேசாக அசைந்ததோடு நின்றது. பழைய ஃப்ளைவீலாக இருந்தால் அதைவிடக் கடுமையாக இழுத்திருக்கும். ஆனால் அதே ஈரத்தில் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்தால் சக்கரம் சுழன்றுவிடுவதும் விரைவாகவே நடக்கும். பொறுத்துக்கொள்ளும் கனம் இல்லை.

கியர் மாற்றுவது பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். ‘ஃப்ளைவீல் எடை குறைந்தால் சிங்க்ரோ நீடிக்கும்’ என்பார்கள். சிங்க்ரோ என்பது கியர் சேரும் முன் வேகங்களைச் சமமாக்கும் வளையம். கிளட்ச் முழுதாக மிதிபட்டிருக்கும்போது ஃப்ளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே இல்லை. சிங்க்ரோ வளையம் அடக்க வேண்டியது கிளட்ச் பிளேட்டின் சுழற்சியையும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் சுழற்சியையும்தான். ஆகவே கியர் நெம்புகோல் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டுமானால் கிளட்ச் பிளேட்டின் எடையைப் பாருங்கள்.

கிளட்ச் பிளேட் என்றதும் என் பெரிய பிழைக்கு வருகிறேன். ஃப்ளைவீல் வாங்கும்போதே, கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தானே போகிறோம் என்று, பந்தயத்துக்கான கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து வாங்கினேன். ஆறு செராமிக் கட்டிகள், நடுவில் ஸ்பிரிங் இல்லாத விறைப்பான மையம். இரண்டையும் ஒரே நாளில் மாட்டினோம். வேலையைச் செய்து கொடுத்த மெக்கானிக், இருபது ஆண்டுகளுக்கு மேல் கிளட்ச் வேலை செய்தவர், பெட்டியைத் திறந்து பார்த்ததுமே கேட்டார்:

“தம்பி, இந்த வண்டியைத் தினமும் ஓட்டுவீங்களா?”

“வாரத்துல அஞ்சு நாள் ஆபீசுக்கு இதுலதான் போறேன், அண்ணே.”

“அப்ப ஸ்பிரிங் வச்ச பிளேட்டா வாங்கியிருக்கலாமே. ஃப்ளைவீல் லேசா இருந்தாலே உதறல் கூடும். அதை வாங்கிக்கிறதுக்குப் பிளேட்ல ஸ்பிரிங்காவது இருக்கணும்ல?”

பொருள் கைக்கு வந்துவிட்டது, மாட்டிவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தைக்கு ஏழு மாதம் விலை கொடுத்தேன். வண்டி கிளம்பும்போது உடம்பு முழுதும் அதிரும். ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் சும்மா, அடுத்த மில்லிமீட்டரில் முழுப் பிடி. சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். எல்லாப் பழியையும் ஃப்ளைவீல் மீது போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அதே மெக்கானிக் சொல்படி பிளேட்டை மட்டும் மாற்றினேன்: சாதாரண ஆர்கானிக் உராய்வுப் பொருள், நடுவில் ஸ்பிரிங் வைத்த மையம். அதிர்வு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. ஏற்றத்தில் வண்டி எடுப்பது மீண்டும் மனிதர் செய்யக்கூடிய காரியமாக ஆனது. அதே 4 கிலோ ஃப்ளைவீல்தான்! ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியதால் எது எதைச் செய்கிறது என்று ஏழு மாதம் தெரியாமலே இருந்துவிட்டேன்.

அந்தக் கூழாங்கல் சத்தம் பலரைப் பயமுறுத்தும். கியர் பற்களுக்கு இடையே சிறு இடைவெளி எப்போதும் உண்டு. எஞ்சினின் உந்தலும் தளர்வும் சமன்படாமல் உள்ளீட்டுத் தண்டுக்கு வரும்போது, சுமையில்லாத பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. கிளட்சை மிதித்ததும் நின்று, விட்டதும் வந்தால் பெரும்பாலும் இந்தத் தட்டல்தான். தண்டின் பேரிங் தேய்ந்திருந்தாலும் இப்படியே கேட்கும் என்பதால், மாற்றுவதற்கு முன்பே சத்தம் இருந்ததா என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தட்டலைத் தடுக்கவே 1980களின் நடுவிலிருந்து கார்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் வந்தது: இரண்டு வட்டுகள், நடுவில் வில்போல் வளைந்த ஸ்பிரிங்குகள், கியர்பாக்ஸுக்குப் போவதற்கு முன்பே அதிர்வை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட காரில் கிளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, ஏனென்றால் அந்த வேலையை ஃப்ளைவீல் செய்கிறது. அதைக் கழற்றி ஒற்றை வட்டு போடுகிறவர், கிளட்ச் பிளேட்டையும் ஸ்பிரிங் உள்ளதாக மாற்றியே ஆக வேண்டும். போர்ஷேகூட 964 கரேரா ஆர்எஸ் காரின் எடை குறைந்த வடிவத்துக்கு ஒற்றை லேசான ஃப்ளைவீலும், சாலைக்கு என்று வைத்த டூரிங் வடிவத்துக்கு டூயல் மாஸும் கொடுத்தது. செய்த கம்பெனிக்கே இரண்டு வகை ஓட்டுநர்கள் தெரிந்திருந்தார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது மொத்த எடையை அல்ல, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதை. மையத்திலிருந்து 13 செ.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிலோ, 6 செ.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிலோவைவிட நான்கரை மடங்குக்கும் மேல் கனமாக எஞ்சினுக்குத் தெரியும். நடுவில் துளை போட்டு எடை குறைத்த ஃப்ளைவீல் தராசில் அழகாக இருக்கும், ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. விளிம்பை ஒல்லியாக்கியது தராசில் சுமாராக இருந்தாலும் காலுக்குத் தெரியும். தயாரிப்பாளர் நிலைமத் திருப்புத்திறனைக் கொடுத்தால் அதையே ஒப்பிடுங்கள். கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை இரண்டு நல்ல வழிகள். குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு ஒன்று: ஒரே துண்டு, உறுதி, கிளட்ச் உராயும் முகம் தேய்ந்தால் அளவு அனுமதிக்கும் வரை கடைந்துகொள்ளலாம். அலுமினியம் இன்னொன்று: அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு, வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும். ஆனால் மென்மையானது என்பதால் உராயும் இடத்தில் தனி எஃகுத் தகட்டைத் திருகி வைப்பார்கள். அந்தத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். வெப்பத்தில் அலுமினியம் எஃகைப் போல இரு மடங்கு விரியும். தரமாகச் செய்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருப்பார்கள், மலிவாகச் செய்தவர்களிடம் அந்தத் தகடும், ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழற்றும் பல்வளையமான ரிங் கியரும்தான் முதலில் தொல்லை கொடுக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துக் கண்டபடி கடைந்து மெலிதாக்குவது. வார்ப்பிரும்பு இழுவிசையில் பலவீனமானது. 7,000 ஆர்பிஎம்மில் விளிம்பு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். உடைந்தால் துண்டுகள் கிளட்ச் உறையைக் கிழித்துக்கொண்டு வரும், அந்த உறைக்கு நேர் பின்னால் இருப்பது ஓட்டுகிறவரின் கால்கள். நேர்கோட்டில் சீறிப்போகும் டிராக் (drag) பந்தயங்களில் உறையைச் சுற்றிக் கவசம் போடச் சொல்வதும், எஸ்எஃப்ஐ 1.1 என்று ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் தனித் தரச்சான்று இருப்பதும் இதனால்தான். தடத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சான்றைத் தேடி வாங்குவது நல்லது.

பொருந்துமா என்பதில் சில நுணுக்கங்கள். சில எஞ்சின்களில் கிராங்க் நிலையைச் சொல்லும் சென்சார் ஃப்ளைவீலின் பற்களையே படிக்கும். பற்களின் அமைப்பு மாறினால் வண்டி கிளம்பாது. சில வி8 எஞ்சின்களில் கிராங்கைச் சமன்செய்யும் எடை ஃப்ளைவீலிலேயே இருக்கும், அங்கே நடுநிலை ஃப்ளைவீலைப் போட்டால் எஞ்சினே அதிர்ந்து கெடும். மஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சினுக்கு வாங்கும் எடை குறைந்த ஃப்ளைவீலோடு, பின்பக்க எதிர் எடையைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருக்கும். பிரஷர் பிளேட் உட்காரும் முகத்துக்கும் உராயும் முகத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும் அல்லது விடுபடாது. புதிய கார்களில், கிராங்கின் வேக ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் ‘மிஸ்ஃபயர்’ (சிலிண்டரில் வெடிப்பு தவறுவது) கண்டுபிடிக்கிறது. லேசான ஃப்ளைவீலில் அந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே கூடுவதால், ஒன்றும் ஆகாமலே பி0300 என்ற பிழைக்குறி வரலாம். எலெக்ட்ரானிக் திராட்டில் உள்ள கார்களில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் தொங்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் மென்பொருளின் வேலை. அதற்கு ஃப்ளைவீல் மருந்தாகாது.

மாட்டும் நாளில் நாங்கள் சேர்த்து மாற்றியவை: ரிலீஸ் பேரிங், கிராங்கின் நுனியில் உள்ள பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள். சீலை அப்படியே விட்டு, பிறகு அது கசிந்து புது கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஏறினால் எல்லாமே வீண். சில எஞ்சின்களில் போல்ட் துளை கிராங்க்கேஸ் வரை திறந்திருக்கும், அங்கே திரெட்டில் சீலண்ட் தடவ வேண்டும். டார்க் ரெஞ்சால், குறுக்கு நெடுக்காக, படிப்படியாக இறுக்க வேண்டும். உராயும் முகத்தில் விரல் பட்டால்கூட பிரேக் கிளீனரால் துடைத்தார் மெக்கானிக். ஆர்கானிக் பிளேட் போட்ட பிறகு முதல் 800 கி.மீ. தடத்துக்குப் போகாமல் நகருக்குள்ளேயே ஓட்டி கிளட்சைப் பழக்கினேன். அந்தப் பொறுமை பலித்தது. பிளேட் இன்றும் சீராகப் பிடிக்கிறது.

ஐடிலையும் தொட வேண்டியிருந்தது. ஏசி போட்டபடி சிக்னலை நெருங்கி, கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் 500-க்குக் கீழே விழுந்து சில சமயம் அணைந்தது. பழைய ஃப்ளைவீல் மெதுவாக இறங்கும். ஐடில் வால்வு திறந்து தாங்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. இப்போது அந்த அவகாசம் இல்லை. திராட்டில் உடலைச் சுத்தம் செய்து, ஐடிலை 850-லிருந்து 950-க்கு ஏற்றினோம். அணைவது நின்றுவிட்டது. நிற்கப்போகும்போது கிளட்சை மிகச் சீக்கிரம் மிதிக்காமல், எஞ்சின் 1,200 வரை கியரோடு இறங்கி வந்த பிறகு மிதிப்பதும் உதவியது.

இரண்டாம் ஆண்டின் கடைசியில் அலுமினியத்தைக் கழற்றிவிட்டு 5.5 கிலோ எஃகு ஃப்ளைவீலுக்கு மாறினேன். அலுமினியத்தில் குறை எதுவும் வரவில்லை. என் வேலை மாறி, தினமும் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. முதல் கியரில் ஊரும்போது ஆக்சிலரேட்டரின் சிறு அசைவுகூட வண்டியைக் குலுக்கியது. கரடுமுரடான பாதையில் எண்டூரோ பைக் ஓட்டுகிறவர்கள் எஞ்சின் அணையாமல் இருக்கவும் பின்சக்கரம் பிடித்துப் போகவும் ஃப்ளைவீலில் எடையைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள்; அவர்களுக்கு வேண்டியதும் எனக்கு அந்த நெரிசலில் வேண்டியதும் ஒன்றே. எஃகு போட்ட பிறகு வண்டியைக் கிளப்ப 1,800 போதும். ஹீல்-டோவில் அலுமினியத்தின் கூர்மையில் முக்கால் பங்கு மிஞ்சியிருக்கிறது. தடத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிப் போகிற காராக இருந்தால் அலுமினியத்தையே வைத்திருப்பேன். சாலையிலும் ஓடுகிற காருக்கு, பழைய எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதோடு நிறுத்துவதுதான் என் தேர்வு.

நண்பர் ஒருவர் தன் டர்போ டீசல் காருக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். டீசலின் உந்தல் இன்னும் முரட்டுத்தனமானது. அதை விழுங்கிக்கொண்டிருக்கும் டூயல் மாஸை எடுத்துவிட்டால் சத்தமும் அதிர்வும் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். அவர் கியர் இறக்கி விளையாடுகிறவரும் இல்லை. என் காரை ஒரு வாரம் எடுத்துப் போய் அலுவலக நேரத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேய்ந்துபோன தன் டூயல் மாஸுக்குப் பதிலாக அதே வகையிலேயே புதிதாக வாங்கிப் போட்டார். சரியான முடிவு.

பழைய 8 கிலோ வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை நான் விற்கவில்லை. உராயும் முகத்தில் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, தட்டையாகப் படுக்க வைத்திருக்கிறேன். அதன் போல்ட்டுகளின் அளவையும் இறுக்க அளவையும் அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறேன். நாளை இந்த காரை வாங்குகிறவருக்கு அது தேவைப்படலாம்.